பாதி வலி

எங்கள் அத்தானைப் போல வலியை நம்பாத மனிதரை நான் பார்த்ததே இல்லை. தலைவலி என்று யாராவது சொன்னால் தண்ணீர் குடிக்கச் சொல்வார். முதுகுவலி என்றால் வேலை பார்க்கப் பிடிக்கவில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார். அவருக்கே ஒரு தடவை கடைவாய்ப்பல் வீங்கி முகம் ஒரு பக்கமாகப் புடைத்திருந்தபோது, “லேசா உறுத்துது” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். பெயர் இசக்கிராஜா. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்றால் அந்தரத்தில் ஏறி உட்கார்ந்து அல்ல, அதெல்லாம் அவருடைய அப்பா காலத்தோடு போயிற்று. இப்போது ஏசி அறைக்குள் திரையைப் பார்த்துக்கொண்டு, கப்பலில் இருக்கும் பெட்டியை விரல் அசைவில் தூக்கி இறக்க வேண்டும். இங்கே விரல் நடுங்கினால் அங்கே முப்பது டன் ஆடும்.

அப்படிப்பட்டவருக்குத்தான் இதழினி மகளாக வாய்த்தாள். எங்களுக்கு இதழி.

என் அக்கா முத்துச்செல்விக்கு ஒரே பிள்ளை. நான் தாய்மாமன். ஐஸ் பேக்டரியில் சூப்பர்வைசர், கல்யாணம் ஆகவில்லை, மூன்று வேளையும் அக்கா வீட்டுச் சாப்பாடு. அதனால் இதை யாரோ சொல்லிக் கேட்டுச் சொல்லவில்லை. தட்டோடு உட்கார்ந்து கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒன்பது வயதில் பள்ளிக்கூடப் படியில் விழுந்து இதழிக்கு வலது கணுக்காலில் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள், எலும்பு ஒட்டியது. வலி மட்டும் போகவில்லை. போர்வை பட்டால் துடிப்பாள். மின்விசிறிக் காற்று பட்டால் காலை மடக்கிக்கொள்வாள். படம் எடுத்துப் பார்த்தால் கால் சுத்தமாக இருக்கும்.

“எலும்பு ஒட்டியாச்சுன்னு டாக்டரே சொல்லியாச்சு. பொறவு என்ன வலி? பரீட்சை வலியா?” என்பார் அத்தான்.

அக்கா நேர் எதிர். அதே பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். கணக்கு டீச்சருக்கு உரிய நிதானம் எல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. வீட்டுக்கு வந்தால், “வலிக்கா? இப்ப வலிக்கா? காலைத் தொங்கப் போட்டா வலிக்கா?” என்று பிள்ளையைச் சுற்றிச் சுற்றி வருவாள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டதும் காலைப் பார்க்கும். பார்த்ததும் முகம் சுருங்கும். நம்பாத அப்பாவுக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும் அம்மாவுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை இரண்டு வருஷம் கிடந்து அல்லாடியது. எனக்கு இருவர் மேலும் கோபம் வரும். சாப்பிடுகிற வீட்டில் கோபத்தைக் காட்ட முடியாது.

கடைசியில் மதுரையில் டாக்டர் ஷெரின் என்ற அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் பிள்ளையிடம் அரை நாள் பேசிவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார்.

“கால்ல ஒண்ணும் இல்ல. ஆனா வலி பொய் இல்ல. காயம் ஆறிடுச்சுன்னு மூளைக்குத் தெரியல. அது இன்னும் அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கு.”

“அலாரத்தை அமத்த மாத்திரை இல்லியா?” என்றார் அத்தான்.

“இருக்கிறதெல்லாம் முன்னாடி பாத்த டாக்டருங்க குடுத்துப் பாத்தாச்சு. அமத்த முடியல. வேணும்னா பங்கு போட்டுக்கலாம்.”

மேஜைமேல் இரண்டு பட்டைகளை எடுத்து வைத்தார். பார்க்க சாதாரணக் கைக்கடிகாரப் பட்டை போலத்தான் இருந்தன. ஒன்று பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே. இன்னொன்று பெற்றவர்களில் ஒருவர் கழுத்தில். பிள்ளையின் நரம்பில் போகிற வலியில் ஒரு பங்கு அங்கே குறைந்து, இங்கே வந்து ஏறும்.

“நிறை குடத்தை ஒருத்தரே தூக்குறதுக்கு பதிலா ரெண்டு பேரு தூக்குறது மாதிரி. தண்ணி குறையாது. கனம்தான் குறையும். அதுவும் பாதிக்கு மேல மாத்த முடியாது. எவ்வளவு அனுப்பணும்கிறதுக்குப் பிள்ளையோட பட்டையில ஒரு திருகு இருக்கு. அதைப் பிள்ளை மட்டும்தான் திருகணும்.”

“அவ திருகியிருக்காளா இல்லியான்னு எங்க பட்டையில காட்டுமா?” என்று அக்கா கேட்டாள்.

“காட்டாது. முதல்ல காட்டுற மாதிரிதான் செஞ்சாங்க. பிள்ளை மூடி வச்சா பெத்தவங்க விடல. திற, திறன்னு அடிச்சவங்ககூட உண்டு. யாரோட வலியோ அவங்கதான் முடிவு பண்ணணும்னு அப்புறம் மாத்திட்டாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க ரெண்டு பேரும் இன்னொண்ணு செய்யணும். அம்மா வலிக்குதான்னு கேக்குறதை நிறுத்தணும். அப்பா வலிக்குதுன்னு சொன்னா நம்பணும்” என்றார்.

அத்தானுக்குச் சுருக்கென்றது. “குடுங்க பாப்போம்” என்று வாங்கி, புதுச் சங்கிலி போடுகிறவர் மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டார். இதழி குனிந்து திருகைத் திருகினாள்.

முதலில் அவர் சிரித்துக்கொண்டுதான் நின்றார். பிறகு கை நாற்காலியைத் தேடியது. நாற்காலி கிடைப்பதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் ஆகாத தன் வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டாக்டர், நர்ஸ், நான் எல்லோரும் பார்க்க வாய்விட்டு அழுதார். அவர் அழுது அக்காவே பார்த்ததில்லை.

“ஏட்டி, இதோடவா நீ பள்ளிக்கூடம் போன?”

“அது பாதிதாம்ப்பா” என்றாள் இதழி. சமாதானம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்த வீடு மாறிப்போயிற்று. பகலில் பட்டை அக்கா கழுத்தில், பொழுது சாய்ந்தால் அத்தான் கழுத்தில். இதழி படி இறங்கினாள். செருப்புப் போட்டாள். கேரம் ஆடும்போது காலைத் தொங்கப் போட்டு ஆட்டிக்கொண்டே என்னைத் தோற்கடித்தாள். நானும் வீராப்பாக ஒரு நாள் பட்டையை வாங்கி மாட்டிப் பார்த்தேன். டீ ஆறுவதற்குள் கழற்றி வைத்துவிட்டேன். “மாமா, நீ சுத்த வேஸ்ட்” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தடவை போட்டிருக்கலாம். போடவில்லை.

ஆனால் வலி எங்கும் போய்விடவில்லை, வீட்டுக்குள்தான் இருந்தது. யார் அதிகம் சுமப்பது என்று அக்காவும் அத்தானும் சண்டை போட ஆரம்பித்தார்கள். “நேத்து ராத்திரி நீங்க தூங்கவே இல்ல, குடுங்க” என்று அக்கா பிடுங்குவாள். “நீ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கணும்லா” என்று அவர் தர மாட்டார். ஒரு சாயங்காலம் அக்கா அசந்துபோய்ப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பூ வாங்க வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டு அம்மாள், “என்ன டீச்சர், கழுத்து வெறுமனே இருக்கு? பிள்ளைக்கு வலிக்காதா?” என்று கேட்டுவிட்டாள். அக்கா பூவை வாங்காமலே உள்ளே ஓடினாள். கோயிலில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டில், எல்லோருடைய கண்ணும் முதலில் கழுத்துக்குத்தான் போகும். தாலியைப் பார்த்த ஊர் இப்போது பட்டையைப் பார்த்தது.

வேலை நேரத்தில் அத்தான் பட்டை போடக் கூடாது. ஆனால் இரவு பூராவும் வலியோடு கிடந்துவிட்டுப் போகிற மனுஷன் விரல் எப்படி நிற்கும்? ஒரு நாள் பெட்டி ஆடிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் அவரைத் திரையிலிருந்து எடுத்து, துறைமுக வாசல் கேட்டில் வண்டி சரிபார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். வீட்டில் சொல்லவில்லை. ஒரு நாள் மார்க்கெட்டில் அத்தானோடு வேலை பார்க்கிறவர் ஒருவர், “என்ன இசக்கி, கேட்டு வேலை பழகிட்டா?” என்று கேட்டபோது இதழி அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்கடுத்து நடந்ததுதான் எல்லாவற்றையும் திருப்பியது. பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் த்ரோபால் ஆடினார்கள். இதழியும் இறங்கினாள். எட்டிக் குதித்துப் பந்தைப் பிடித்தவள் வலது காலில் இறங்கினாள். அவள் பங்கு வலியை அவள் பல்லைக் கடித்து விழுங்கிவிட்டாள். அவளுக்கு அது பழகிய வேலை. மாடியில் கரும்பலகைக்கு முன் நின்ற அக்காவுக்குப் பழகவில்லை. மேஜை முனையில் நெற்றி அடிபட்டு விழுந்தாள். இரண்டு டீச்சர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ரத்தத்தோடு படி இறங்குவதை, இதழி பந்தைக் கையில் வைத்தபடி பார்த்தாள்.

“காலையில சாப்பிடல, தல சுத்திட்டு” என்றாள் அக்கா. நெற்றியில் தையல் போட்டிருந்தது.

அடுத்த வாரம் அத்தான் சாப்பிட்டுக்கொண்டே, “இன்னைக்கு ஒரு மாதிரி லேசா இருக்கு, என்னமோ தெரியல” என்றார். அதற்கடுத்த வாரம் இன்னும் லேசானது. ஒரு நாள் காலையில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள், கையில் கரண்டியோடு. “ஒண்ணுமே இல்லலே! சுத்தமா ஒண்ணுமே இல்ல!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பட்டை கெட்டுப்போயிற்றோ என்று அத்தான் வாங்கி மாட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒன்றுமே இல்லை. மூவரும் ஒரே நேரத்தில் இதழியைப் பார்த்தோம். அவள் இட்லியைப் பிட்டபடி, “ஆமா, போயிட்டு” என்றாள்.

மதுரைக்குப் போனோம். டாக்டர் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். கதவைத் திறந்துகொண்டு சிரித்த முகமாக வந்தாள்.

“மூளை தானாவே அலாரத்தை நிறுத்திக்கிறது உண்டு. பிள்ளைங்களுக்கு நடக்கும். எதுக்கும் பாத்துக்கிட்டே இருங்க” என்றார் டாக்டர். அவர் குரலில் முழுத் திருப்தி இல்லை. எங்களுக்கு இருந்த திருப்தியில் அதைக் கவனிக்க யாருக்கு நேரம்? கழுத்துப் பட்டையைத் திருப்பிக் கொடுத்தோம். வெளியே இடுப்புவலியோடு ஒரு சின்னப் பெண் காத்திருந்தது. இதழி தன் பட்டையைத் தானே கழற்றி, பாவாடையில் துடைத்து, அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள்.

மகளுக்குக் கால் சரியானால் குலசை எனும் குலசேகரப்பட்டினத்தில் தசராவுக்குக் காளி வேஷம் கட்டுவதாக அத்தான் முத்தாரம்மனுக்கு வேண்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் கிரேன் தானாக ஓடலாம், வேன் தானாக ஓடலாம், தசராவுக்கு வேஷம் கட்டுவது மட்டும் மாறாது. அதிலும் காளி வேஷம் லேசுப்பட்டதல்ல. மாலை போட்டு, மீன் வாசனை இல்லாமல் ஒரு வேளைச் சோறோடு விரதம் இருக்க வேண்டும். மாலை போட்ட நாளிலிருந்து போன நோயைப் பற்றி வீட்டில் வாய் திறக்கக் கூடாது. பேசினால் அதைத் திரும்பக் கூப்பிட்டது மாதிரி. அக்கா கால் என்ற சொல்லையே விட்டுவிட்டாள். “வலிக்கா” என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. டாக்டர் சொல்லி நடக்காதது சாமி பேரால் நடந்தது என்று நான் கேலி செய்தேன்.

திருச்செந்தூரிலிருந்து குலசைக்கு நடந்தே போவது என்பது வேண்டுதல். மேளம், தப்பு, குறவன் குறத்தி வேஷங்கள் எல்லாமாக எங்கள் தசரா செட் கிளம்பியது. பின்னால் களைத்தவர்களுக்காக ஒரு வேன். இதழி நடந்துதான் வருவேன் என்று நின்றாள். “எம்பிள்ள நடந்து வாரா, பாத்தியளா!” என்று அக்கா வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

அத்தானுக்கு முகமெல்லாம் கருஞ்சாந்து, வாயில் வீரப்பல், முதுகில் மரக்கைகள். கிரீடத்தைத் தூக்கி வைக்கவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது. வைத்து முடித்ததும் இதழி, “அப்பா, பல்லு கோணலா இருக்கு” என்றாள்.

“ஏட்டி, கிரீடம் வச்சாச்சு. இனி அப்பா இல்ல, அம்மை. அம்மான்னு கும்பிடணும்” என்று செட்டின் பெரியவர் அதட்டினார். அத்தானும் காளியின் கம்பீரத்தோடு தலையாட்டினார்.

நடக்கும்போது அவள் என் பக்கத்தில் வந்தாள். என் கையில் காணிக்கை உண்டியல்.

“மாமா, அம்மைகிட்ட சொல்லுறது அப்பாவுக்குக் கேக்குமா?”

நான் உண்டியலில் விழுகிற காசையும் பார்க்க வேண்டும், கூட்டத்தில் வழியையும் பார்க்க வேண்டும். “அது எப்படிட்டி கேக்கும்? வேஷம் கலைஞ்சதும் எல்லாம் மறந்து போயிரும்” என்று ஏதோ சொல்லிவைத்தேன்.

வண்டிகளுக்கு சார்ஜ் போடுகிற இடத்தில் கொஞ்சம் நிழல் இருந்தது. காளியை அங்கே நிறுத்தினோம். வழக்கம்போலப் பெண்கள் வரிசையாக வந்து விழுந்து கும்பிட்டுக் குறை சொன்னார்கள். குழந்தை இல்லை என்றாள் ஒருத்தி. புருஷன் குடிக்கிறான் என்றாள் இன்னொருத்தி. காளி எல்லோருக்கும் திருநீறு பூசி, “நான் பாத்துக்கிடுதேன், போ” என்றது. அக்கா அந்தப் பக்கம் பானகம் ஊற்றிக்கொண்டிருந்தாள். வரிசையில் அடுத்ததாக இதழி நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சொந்த அப்பாவிடம் வரம் கேட்க நிற்கிறாளே என்று.

அவள் கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

“அம்மா, எனக்குக் கால் வலிக்கு. எப்பவும் போலத்தான் வலிக்கு. போகவே இல்ல. நாந்தான் திருகைக் கொஞ்சங் கொஞ்சமா மூடிட்டேன். எங்கம்மா ரத்தத்தோட விழுந்தாவ. எங்கப்பாவைக் கேட்டு வேலைக்குப் போட்டுட்டாவ. வலி போகாட்டாலும் பரவால்ல. அவிய ரெண்டு பேருக்கும் தெரியாம மட்டும் பாத்துக்கோ.”

மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. என் கையிலிருந்த உண்டியல் சாய்ந்து இரண்டு நாணயம் கீழே உருண்டது. காளியின் கை, திருநீற்றோடு அப்படியே நின்றது. கருஞ்சாந்துக்குள் அந்தக் கண் இரண்டும் அத்தானுடையவை. எனக்குக் கிரீடத்தைத் தட்டிவிட்டு, உம்ம பிள்ளை ஓய் என்று கத்த வேண்டும்போல இருந்தது. வரிசையில் பின்னால் நின்ற அம்மாள், “பிள்ளைக்குச் சட்டுனு பூசும் தாயே, வெயிலு கொளுத்துது” என்றாள்.

காளி பூசியது. “சரி” என்றது. மற்றவர்களுக்குச் சொன்ன குரல் அல்ல அது.

இதழி கண்ணைத் திறந்து, திருநீறு கண்ணில் விழாமல் துடைத்துக்கொண்டு, காலை நேராக வைத்துப் பழையபடி நடந்து போனாள். வலிக்கிற கால் என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தாள்.

செட் மறுபடி கிளம்பியது. சாலை வளைவுகூட வரவில்லை, காளி நின்றுவிட்டது. கிரீடத்தைத் தானே கழற்றியது. கூட்டம் அரண்டுபோய் மேளத்தை நிறுத்தியது. கோயில் போய்ச் சேரும் முன்னே கிரீடத்தைக் கழற்றுவது யாரும் செய்யாத காரியம்.

“எனக்குக் கால் வலிக்கு. ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. நான் வேன்ல வாரேன்” என்றார் அத்தான்.

பெரியவருக்கு ஆத்திரம். “என்னடே பேசுத? நேர்த்தி குறையா போயிரும்!”

அக்கா பானகக் குடத்தோடு ஓடி வந்தாள். “ஏங்க, பிள்ளைக்காக நேந்தது. எப்படியாவது பல்லைக் கடிச்சுக்கிட்டு நடங்க. அம்மை கோவிச்சா என்ன ஆகும்?”

“கோவிச்சா என்னயக் கோவிக்கட்டும்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். காளி வேஷம் கட்டிவிட்டுக் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்த ஆள் என்று இனி ஊர் காலத்துக்கும் சொல்லும். அவர் அதைக் கேட்டுக்கொண்டே தெருப்புழுதியில் நின்றார். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“இதழி, அப்பாவுக்குத் துணைக்கு வாரியா? தனியா உக்கார ஒரு மாதிரியா இருக்கு.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, போ என்று கையைக் காட்டினாள்.

அவரை வேனில் ஏற்றும்போது காதருகில் குனிந்தேன். “அத்தான், கேட்டியள்லா? அக்காகிட்ட சொல்லாண்டாமா? மதுரைக்குப் போவாண்டாமா?”

“அவ அம்மைகிட்டல்லா சொன்னா மாப்ள,” என்றார். வீரப்பல்லைக் கழற்றியும் சொல் குழறியது. “அவளா வந்து எங்கிட்ட சொல்லட்டும். அது வரைக்கும் எனக்கு எப்படித் தெரியும்?”

நான் கிரீடத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன். ஓட்டுநர் இல்லாத வேன் கூட்டத்துக்கு வழிவிட்டு மெதுவாக ஊர்ந்தது. பின்சீட்டில் அத்தான் காலைத் தூக்கி நீட்டிக்கொண்டார். “நீயும் நீட்டிக்கோட்டி, இடம் கிடக்குல்லா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவளும் நீட்டினாள்.

“ரொம்ப வலிக்காப்பா?”

“ஆமாட்டி. பொறுக்க முடியல.”

“காலைப் பாக்காதீங்கப்பா. பாத்தா கூடும். மூச்சை மெதுவா விடுங்க. சன்னலுக்கு வெளியே பனைமரம் வரும், அதை எண்ணிக்கிட்டே வாங்க. நான் அப்படித்தான்...” என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

அத்தான் அது காதில் விழாதவராக ஜன்னல் பக்கம் திரும்பினார். “எந்தப் பக்கத்து மரம்? ரெண்டு பக்கமும் எண்ணணுமா?”

“நீங்க அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்.”

இரண்டு பேரும் எண்ணத் தொடங்கினார்கள். குலசை வரும்வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.